வைகையின் மீன்களை யார் எண்ணுவது?

மதுரையில் ஓபுளா படித்துறைக்கு அருகே வைகைத் தடுப்பணையில் தண்ணீர் தேங்கி நிற்கும் மாதங்களில், மாலை வேளையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். சில வாரங்களுக்கு முன்பு ஒரு மாலையில் நானும் அவர்களோடு சற்று நேரம் நின்றேன். அரை மணி நேரத்தில் ஒரு பையன் நான்கு ஜிலேபிக் கெண்டைகளைப் பிடித்தான். ஒவ்வொன்றையும் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றி மீண்டும் தண்ணீரிலேயே விட்டான். ஏன் என்று கேட்டேன். “திங்க முடியாது சார். சாக்கடை வாடை அடிக்கும். சும்மா பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறோம்” என்றான்.

பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடுவது உலகின் பல ஆறுகளில் தூண்டிற்காரர்கள் விரும்பிக் கடைப்பிடிக்கும் நெறி. அங்கே மீனின் மீதுள்ள மதிப்பால் விடுகிறார்கள். இங்கே நாற்றத்தால் விடுகிறோம். ஒரு நகரம் தன் ஆற்றை எப்படி வைத்திருக்கிறது என்பதை அறிய இந்த ஒரு வேறுபாடே போதும்.

சாக்கடையிலிருந்து மீண்ட ஆறு

லண்டனின் தெற்குப் பகுதியில் வாண்டில் என்று ஒரு சிற்றாறு இருக்கிறது. குரோய்டன், கார்ஷல்டன் பகுதிகளின் ஊற்றுகளில் பிறந்து, வீடுகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் நடுவே சுமார் 14 கிலோமீட்டர் ஓடி, தேம்ஸ் நதியில் கலக்கிறது. ஒரு காலத்தில் டிரவுட் மீன்களுக்குப் பெயர்பெற்ற ஆறு அது. தொழிற்புரட்சிக் காலத்தில் அதன் கரைகளில் ஆலைகள் நெருக்கியடித்துக்கொண்டு எழுந்தன. கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1881இல் தமது துணி அச்சிடும் பட்டறையை அதன் கரையில்தான் அமைத்தார். சாயமிட்ட துணிகள் அந்த நீரில் அலசப்பட்டன. வைகைக் கரையில் சுங்குடிச் சேலை அலசிய மதுரைக்கு இது அந்நியமான காட்சி அல்ல. ஆலைக் கழிவும் நகரத்தின் கழிவுநீரும் சேர்ந்து ஆற்றைக் கொன்றன. 1960களில் வாண்டில் ஒரு திறந்தவெளிச் சாக்கடை என்று அதிகாரபூர்வமாகவே சொல்லப்பட்டது.

இன்று அதே ஆற்றில், பேரங்காடிகளின் பின்புறத்தில், ரயில் பாலங்களின் அடியில் நின்று டிரவுட் மீனுக்குத் தூண்டில் வீசுகிறார்கள். உள்ளூர் மக்கள் வார இறுதிகளில் ஆற்றில் இறங்கிக் குப்பையை அள்ளினார்கள். பள்ளி வகுப்பறைகளில் தொட்டி வைத்து, மாணவர்கள் மீன்குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டார்கள். மீன்கள் ஏறிச் செல்லத் தடையாயிருந்த பழைய தடுப்பணைகளில் வழிகள் அமைக்கப்பட்டன. 2007 செப்டம்பரில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய வேதிப்பொருள் ஆற்றில் கலந்து ஆயிரக்கணக்கான மீன்கள் மடிந்தன. அதை நடத்திய நிறுவனம் நீதிமன்றத்தில் தண்டத் தொகை கட்டியது. ஆற்றைச் சீரமைக்கவும் நிதி தர வேண்டியிருந்தது. மீன்கள் இறந்தன என்று கேட்பதற்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

அவர்கள் பயன்படுத்தும் தூண்டில் முறைக்கும் இதில் பங்குண்டு. ‘ஃப்ளை ஃபிஷிங்’ எனப்படும் அந்த முறையில் மண்புழு கிடையாது. மாவு உருண்டை கிடையாது. இறகையும் நூலையும் கொண்டு ஒரு பூச்சியைப் போலச் செய்து, அதை நீர்ப்பரப்பில் இறக்கி மீனை ஏமாற்ற வேண்டும். மீன் அப்போது எந்தப் பூச்சியைத் தின்கிறது, அது எந்தக் கல்லின் அடியில் வளர்கிறது என்று தெரியாமல் இதில் வெற்றி பெற முடியாது. அந்தப் பூச்சிகளின் இளம்பருவங்களோ உயிர்வளி மிகுந்த, தூய்மையான நீரில்தான் செழிக்கும். எனவே, தூண்டிற்காரர் தம்மை அறியாமலே நீரியல் மாணவராகிறார். இந்த அறிவை பிரிட்டன் வீணாக்கவில்லை. 2007 முதல் அங்கே தூண்டிற்காரர்களுக்குப் பயிற்சி தந்து, ஆற்றடியில் வாழும் எட்டு வகைச் சிற்றுயிர்களைக் குறிப்பிட்ட இடங்களில் தொடர்ந்து எண்ணச் செய்கிறார்கள். எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால், சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் போகும்.

நீலகிரி தரும் எச்சரிக்கை

டிரவுட் நமக்கும் அறிமுகமான மீன்தான். பிரான்சிஸ் டே 1863இலேயே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். பல தோல்விகளுக்குப் பிறகு, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வானவில் டிரவுட் அந்த மலையின் குளிர்ந்த ஓடைகளில் நிலைத்தது. ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் ஊர்ப் பொழுதுபோக்கை உதகையில் தொடர்வதற்காக ஒரு மீனையே கடல் கடந்து கொண்டுவந்தார்கள். அந்த ஓடைகளில் ஏற்கெனவே எந்த மீன் வாழ்ந்தது, புதிய விருந்தாளியால் அதற்கு என்ன ஆகும் என்ற கேள்வி அன்று பெரிதாகத் தோன்றவில்லை.

கோடையில் நீர் கொதிக்கும் மதுரைச் சமவெளியில் டிரவுட் ஒரு நாள்கூட உயிர் வாழாது. நான் கேட்பதும் டிரவுட்டை அல்ல. வாண்டில் நகரவாசிகள் தங்கள் ஆற்றின் சொந்த மீனுக்காக ஆற்றைத் திருத்தினார்கள். நீலகிரியில், விரும்பிய மீனை ஆற்றுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். இந்த இரண்டு வழிகளில் சமவெளியில் நாம் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழியை. 1952இல் இந்தியாவுக்குள் வந்த திலேப்பியாவே இன்று ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் நம் குளம், கண்மாய், ஆறு எங்கும் நிறைந்திருக்கிறது. அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எப்படியோ நீர்நிலைகளில் புகுந்துவிடுகிறது. நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக்கூடிய அந்த மீனுக்குச் சாக்கடையும் ஒரு வீடுதான். ஆகவே ‘வைகையில்தான் மீன் இருக்கிறதே’ என்று யாரேனும் சொன்னால், எந்த மீன் என்று கேட்க வேண்டும்.

வைகையின் சொந்த மீன்

வைகைக்கு டிரவுட்டைப் போன்ற ஒரு மீன் உண்டென்றால், அது அயிரைதான். விரல் நீளம்கூட இல்லாத இந்த மீன் ஆற்றின் அடியில், மணலோடு மணலாக வாழ்வது. என் பாட்டி மண்சட்டியில் உயிரோடு இருக்கும் அயிரையைப் போட்டு, நீர்த்த தேங்காய்ப் பாலை ஊற்றி வைப்பார். வயிற்றிலிருக்கும் மண்ணை மீன் தானே கக்கிவிடும். பிறகு கல் உப்புப் போட்டு உரசி, வழுவழுப்புப் போகும்வரை கழுவுவார். ‘ஆத்து அயிரைக்குக் கழுவுற வேலை கம்மி’ என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. ஆற்று மணல் அவ்வளவு தூய்மையாக இருந்தது என்பது அதன் பொருள். அயிரை மீன் குழம்பு இன்றும் மதுரை உணவகங்களின் பெருமைதான். ஆனால், அந்த மீன் வைகையின் நகரப் பகுதியிலிருந்து வருவதில்லை.

காரணம் வெளிப்படையானது. அயிரைக்கு மணல் வேண்டும். பல ஆண்டுகளாக நாம் அள்ளி விற்றது அந்த மணலைத்தான். மணல் போன இடத்தில் களிமண்ணும் கருவேலமும் ஆகாயத்தாமரையும் வந்தன. அயிரைக்கு ஓடும் நீர் வேண்டும். 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபின், பாசனத்துக்கும் குடிநீருக்கும் என்று கணக்கிட்டு நீர் விடப்படுகிறது. ஆறு ஆறாக இருப்பதற்கென்று அந்தக் கணக்கில் இடமில்லை. முன்பு கோடையில் ஆறு வற்றினாலும், மடுக்களிலும் வாய்க்கால்களிலும் கண்மாய்களிலும் மீன் பிழைத்துக் கிடக்கும்; புதுவெள்ளம் வந்ததும் எதிரேறி ஆற்றை நிரப்பும். இன்று மடுக்கள் இல்லை. வாய்க்கால்கள் கழிவுநீரைக் கொண்டுவருகின்றன. தடுப்பணைகளில் மீன் ஏறுவதற்கு வழி இல்லை.

கண்மாய்களின் நிலையும் மாறிவிட்டது. மேலூர், கொட்டாம்பட்டி வட்டாரங்களில் அறுவடை முடிந்து தண்ணீர் குறைந்ததும், ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியவுடன், ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே கண்மாய்க்குள் இறங்கும். அந்த ‘அழிகண்மாய்’ மீன்பிடித் திருவிழா சில கண்மாய்களில் இன்னும் நடக்கிறது. அதில் விரால், கெளுத்தி, குரவை, கெண்டை என்று எல்லா வகையும் சிக்கும். மீன்பாசி ஏலம் போகும் கண்மாய்களிலோ குத்தகைதாரர் விரைவில் வளரும் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விடுகிறார். போட்ட முதலை எடுக்க வேண்டியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாட்டு மீனுக்கு எந்த மதிப்பும் தராத ஏல விதிகளையே மாற்ற வேண்டும்.

துணியால் மறைத்த கால்வாய்

2025 மே மாத இறுதியில் முதல்வரின் மதுரை வருகையையொட்டி, வைகையில் கலக்கும் பந்தல்குடி கால்வாய் துணியால் மறைக்கப்பட்டது. படங்கள் வெளியாகி விமர்சனம் எழுந்ததும், முதல்வர் அந்தக் கால்வாயை நேரில் சென்று பார்வையிட்டார். அந்தத் துணியைக் கட்டியவர்களை மட்டும் நகைத்துவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. பல ஆண்டுகளாக நாம் எல்லோரும் வைகைக்கு முன் ஒரு திரையைக் கட்டித்தான் வாழ்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை, சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் இறங்கும் நாளில் அணையிலிருந்து தண்ணீர் வந்தால் மகிழ்கிறோம். மற்ற நாள்களில் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

ஆற்றுக்கு என்று இதுவரை செய்த பணிகளும் பெரும்பாலும் கரைக்குச் செய்தவைதான். இருபுறமும் கான்கிரீட் சுவரும் சாலையும் வந்திருக்கின்றன. போக்குவரத்துக்கு அவை உதவலாம். ஆற்றுக்கு என்ன கிடைத்தது என்று கணக்கிட நம்மிடம் அளவுகோல் இல்லை. நீர்த்தர ஆய்வு அறிக்கைகளில் வரும் எண்கள் பொதுமக்களுக்குப் புரிவதில்லை. மீன் எல்லோருக்கும் புரியும்.

இங்கே ஒரு மறுப்பை நான் எதிர்பார்க்கிறேன். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்கள் குடிக்கவும் விதைக்கவும் ஒரே ஆற்றை நம்பியிருக்கும்போது, அயிரையைப் பற்றிக் கவலைப்படுவது ஆடம்பரம் அல்லவா? வாண்டில் ஊற்றுநீர் வற்றாத குட்டி ஆறு, வைகையோ மழையை நம்பிய 258 கிலோமீட்டர் ஆறு, இரண்டும் ஒன்றா? ஒன்றல்ல என்பதை ஏற்கிறேன். ஆண்டு முழுவதும் வெள்ளம் புரளும் வைகையை நான் கேட்கவில்லை. அப்படி ஒரு வைகை முன்பும் இருந்ததில்லை. ஆனால், அயிரை வாழ முடியாத நீர்தான் மண்ணுக்குள் இறங்கிக் கரையோர ஆழ்துளைக் கிணறுகளில் நமக்குத் திரும்பி வருகிறது. அதே நீர்தான் கீழ்நோக்கிப் போய் அடுத்த மாவட்டக் கண்மாய்களில் சேர்கிறது. மீனுக்கு நேர்வது நமக்கு நேரப்போவதன் முன்னறிவிப்பு.

எண்ணத் தொடங்குவோம்

முதலில் செய்ய வேண்டியது அதிகச் செலவில்லாத வேலை: மீன்களை எண்ணுவது. அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என மதுரையில் உயிரியல் கற்பிக்கும் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. சோழவந்தானிலிருந்து விரகனூர் வரை பத்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் இருக்கும் மாதங்களிலெல்லாம் என்ன மீன், எத்தனை, எந்த அளவு என்று மாணவர்கள் பதிவு செய்யலாம். தடுப்பணையில் தூண்டில் போடும் இளைஞர்களையும் கண்மாய் மீனவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். எந்த மாதத்தில் எந்த மீன் காணாமல் போனது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கிடைக்கும் எண்களை மாநகராட்சி மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

எண்ணத் தொடங்கினால், மற்ற கேள்விகள் தாமாக எழும். நகருக்குள் நுழையும்போது இருக்கும் மீன் வகைகள் எந்தக் கால்வாயின் வாயைத் தாண்டியதும் குறைகின்றன? அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் எவ்வளவு கழிவு நேராக ஆற்றுக்கு வருகிறது? தடுப்பணைகளில் மீன் ஏறும் வழி அமைக்க என்ன தடை? அணையிலிருந்து நீர் விடும் அட்டவணையில் ஆற்றுக்கென்று ஒரு சிறு பங்கை ஏன் எழுதக் கூடாது? அரசு நிதியில் ஆற்றில் விடப்படும் குஞ்சுகள் ஏன் நாட்டு மீன்களாக மட்டும் இருக்கக் கூடாது? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய துறை வேறு வேறு. இன்று எந்தத் துறையிடமும் கேட்க நம் கையில் எண் இல்லை.

பாண்டியரின் கொடியில் மீன் இருந்தது. மதுரை வணங்கும் அன்னையின் பெயரே மீனின் கண்ணிலிருந்து வந்தது. மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரித்துக் காக்கும் என்பது அந்தப் பெயருக்குப் பெரியவர்கள் சொல்லும் விளக்கம். விலங்கியல் அதை ஏற்காது. ஆனால், ஆற்றைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது: பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உள்ள ஆறு பிழைக்கிறது.

அந்த மாலையில் நான் கிளம்பும்போது அந்தப் பையனிடம், அயிரை மாட்டியதுண்டா என்று கேட்டேன். “அது ஓட்டல்ல இருக்கிற மீனு சார்” என்று சிரித்தான். அவனுடைய தம்பி தலைமுறைக்காவது அந்தப் பதில் மாற வேண்டும்.