முதலில் தராசைச் சரிபாருங்கள்

யூ.பி.எஸ்.ஆர் மறுபடியும் வேண்டும் என்கிற குரல் நம்மிடையே ஓய்ந்தபாடில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், கல்யாணப் பந்தி, வாட்ஸ்அப் குழு என்று எங்கே போனாலும் இதே பேச்சு. ‘பரீட்சை இல்லன்னு ஆனதுலேர்ந்து பிள்ளைங்க புத்தகத்தையே தொடுறதில்ல’ என்கிறது ஒரு தரப்பு. ‘பன்னிரண்டு வயசுப் பிள்ளைய வதைச்சது போதும்’ என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் அக்கறையுள்ளவர்கள்தான். ஆனால் இரண்டு பக்கமும் தொடாத ஒரு கேள்வி இருக்கிறது. நாடு முழுக்க ஒரு பொதுச் சோதனையை ஒழுங்காக நடத்த நம் பள்ளிகள் தயாராக இருக்கின்றனவா?

பள்ளியைத் தயார் செய்வது என்றாலே நமக்கு ஞாபகம் வருவது கருத்தரங்கு, முகாம், மாதிரித் தேர்வு, சனிக்கிழமை வகுப்பு. அதெல்லாம் மாணவரைப் புள்ளி எடுக்கத் தயார் செய்வது. நான் கேட்பது வேறு. தாள் யார் கையில் இருக்கும்? மண்டபத்தில் யார் நிற்பார்? யார் திருத்துவார்? முடிவு யாரிடம், எத்தனை வாரத்தில் போகும்? அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி என்ன செய்யும்? இந்த ஐந்துக்கும் பதில் இல்லாமல் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று கத்துவதில் என்ன பிரயோசனம்?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுச் சோதனை வேண்டும். யூ.பி.எஸ்.ஆர் வேண்டாம்.

1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர் கடைசியாக நடந்தது 2019இல். 2020இல் கோவிட் காரணமாக ரத்தானது. 2021 ஏப்ரல் 28ஆம் தேதி அன்றைய கல்வி அமைச்சர் ராட்ஸி ஜிடின் அதை நிறுத்துவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டே மூன்றாம் படிவத்தின் பி.தி.3 தேர்வும் போய்விட்டது. அதன் பிறகு ஒரு பிள்ளையைப் பற்றி நமக்குக் கிடைத்தது வகுப்பறைசார் மதிப்பீட்டில் ஆசிரியர் இடும் ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலையும், நான்காம் ஆண்டிலிருந்து கல்வியாண்டு முடிவில் பள்ளியே நடத்தித் திருத்தும் தேர்வும்தான். முதலாம் ஆண்டில் நுழைந்த பிள்ளை எஸ்.பி.எம் எழுதும்வரை, வெளியாள் ஒருவர் அதன் விடைத்தாளைத் திருத்துவதே இல்லை என்றானது.

இதைச் சொன்னதும் பழைய கட்சிக்காரர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான் 2009இல் ஆறாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளியில் அப்போது ஏழு தாள். மலாய் இரண்டு, தமிழ் இரண்டு, ஆங்கிலம், கணிதம், அறிவியல். ஜனவரியிலிருந்தே உடற்கல்வி அட்டவணையில் மட்டும் இருந்தது. ஓவியம் போனது, இசை போனது. வகுப்பும் தானாக இரண்டாகப் பிரிந்தது. ஏழு ஏ எடுக்கக்கூடியவர்கள் முன்வரிசை, மற்றவர்கள் பின்வரிசை. மாலை வகுப்பும் கருத்தரங்கும் முன்வரிசைக்கு. பின்வரிசையில் இருந்த என் நண்பர்களில் மலாய் வாக்கியத்தை எழுத்துக்கூட்டி வாசித்தவர்கள் உண்டு. அவர்களை யாரும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முடிவு வந்ததும் நாளிதழில் வரிசையாகப் படம். பள்ளி வேலியில் பதாகை. கட்சிக் கிளை, கோயில் நிர்வாகம், சங்கம் என்று ஆளாளுக்குப் பரிசளிப்பு விழா. எத்தனை ஏழு ஏ என்பதுதான் ஒரு தமிழ்ப்பள்ளியின் மானம். அடுத்த ஆண்டு பிள்ளைகளைப் பதிய வரும் பெற்றோரும் அதைத்தான் பார்த்தார்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் பள்ளிக்கு அது உயிர்ப் பிரச்சினை என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதாகையில் படம் இல்லாதவன் எங்கே போனான்?

மலாய்மொழியில் தேறாத பிள்ளை முதலாம் படிவத்துக்கு நேராகப் போக முடியாது. புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார வேண்டும். தேசியப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்த வருஷம் கிடையாது. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் உண்டு. அந்த வகுப்பில் சலித்துப்போய்ப் பள்ளியைவிட்டே நின்ற ஒருவரையாவது நம்மில் பலருக்குத் தெரியும். யூ.பி.எஸ்.ஆர் அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் செய்தது. எப்போது? செப்டம்பரில் எழுதி, நவம்பரில் முடிவு வந்தபோது. அவனுக்கு ஆறு வருஷம் பாடம் நடத்திய பள்ளியால் இனி எதுவுமே செய்ய முடியாது என்கிற அந்த மாதத்தில்.

நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்யும் பொறியாளன். பாகங்கள் அளவு தவறி வந்தால், உடனே பாகத்தைக் குறை சொல்லமாட்டோம். முதலில் அளக்கும் கருவியைச் சோதிப்போம். பத்து பாகம் எடுத்து மூன்று பேரிடம் கொடுப்போம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு, மூன்று தடவை அளக்க வேண்டும். அடுத்தவர் எழுதியதைப் பார்க்கக்கூடாது. பாகத்துக்குப் பாகம் இருக்கும் வித்தியாசத்தைவிட ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், அந்த எண்ணை வைத்து ஒரு முடிவும் எடுக்கக்கூடாது. இன்னொரு விஷயமும் உண்டு. நல்ல பாகம் எத்தனை என்று எண்ணிப் போனஸ் வாங்குபவர் கையிலேயே அளவுக்கருவியைக் கொடுக்கமாட்டோம். அவர் திருடர் என்பதால் இல்லை. மனுஷர் என்பதால்.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். ஜொகூரில் ஓர் ஆசிரியர் தரும் அடைவுநிலை நான்கும், பேராக்கில் இன்னொருவர் தரும் நான்கும் ஒன்றா? ஒரே கட்டுரையை இருவரிடமும் கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும். தான் சொல்லிக்கொடுத்த பிள்ளைக்குத் தானே ‘ஒன்று’ போட்டால், தலைமையாசிரியருக்கும் மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். மூன்று போட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

2010இல் வந்த லினுஸ் திட்டம் நினைவிருக்கலாம். மூன்றாம் ஆண்டை முடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் வந்திருக்க வேண்டும் என்பது இலக்கு. நல்ல நோக்கம்தான். ஆனால் சோதித்தவரும் ஆசிரியர், புள்ளியைப் பதிவேற்றியவரும் ஆசிரியர், இலக்கு வரவில்லை என்றால் விளக்கம் சொல்ல வேண்டியவரும் ஆசிரியர். அப்படி வரும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து அளந்தபோது வந்த எண்கள் வேறு கதை சொல்கின்றன. தென்கிழக்காசியாவில் ஆறு நாடுகளின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைச் சோதித்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், ஆரம்பப்பள்ளி முடிவில் எதிர்பார்க்கப்படும் வாசிப்புத் திறனை எட்டியவர்கள் மலேசியாவில் 58 விழுக்காட்டினர்தான். இரண்டாம் படிவ மாணவர்களுக்கான திம்ஸ் ஆய்வில் நம் கணிதப் புள்ளி 2019இல் 461, 2023இல் 411. பதினைந்து வயதினருக்கான பீசா ஆய்வில் கணிதம் 2018இல் 440, 2022இல் 409. இந்தச் சோதனைகளுக்கு யாரும் டியூஷன் போவதில்லை, யார் படமும் பேப்பரில் வராது. அதனால்தான் இவை கொஞ்சம் உண்மை பேசுகின்றன. ஆனால் இவை மாதிரி ஆய்வுகள். நாட்டுக்குக் காய்ச்சல் என்று சொல்லும். எந்தப் பிள்ளைக்கு என்று சொல்லாது.

அந்தப் பிள்ளை யார் என்று தெரிய வேண்டும் என்றால் எல்லாப் பள்ளியிலும் ஒரே சோதனை நடக்க வேண்டும். இங்கேதான் நிர்வாகம் என்கிற, யாருக்கும் பிடிக்காத விஷயம் வருகிறது.

நம் சரித்திரம் அப்படியொன்றும் பெருமையாக இல்லை. 2014 யூ.பி.எஸ்.ஆரில் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்து வாட்ஸ்அப்பில் சுற்றின. பிள்ளைகள் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பிறகு கணிதமும் தமிழ்மொழியும். ஆசிரியர்கள் சிலர் கைதானார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் தாளைத் திருடும் அளவுக்கு அந்த ஏ பெரியதாக இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். 2015 பீசாவில் இன்னொரு கூத்து. தேர்ந்தெடுத்த பள்ளிகளில் 85 விழுக்காடு பதிலளித்திருக்க வேண்டும். மலேசியாவில் 51 விழுக்காடுதான் தேறியது. நம் புள்ளிகளை மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அத்தனை பிள்ளைகள் உட்கார்ந்து எழுதியது வீணாகிப் போனது, நடத்திய விதத்தால்.

‘பரீட்சையே வேண்டாம்’ தரப்புக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பெரும்பாலோர் வீட்டில் புத்தகம் இருக்கிறது. பிள்ளை மலாயில் தடுமாறினால் இரண்டாம் ஆண்டிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும், ஆள் வைத்துச் சொல்லிக்கொடுப்பீர்கள். இரண்டு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் அப்பா அம்மாவுக்குப் பள்ளி சொன்னால்தான் தெரியும். பள்ளி ‘மூன்று’ என்று சொல்கிறது. மூன்று என்றால் பாஸ் போலத்தானே இருக்கிறது? சோதனை இல்லாத பள்ளியில் வலிப்பது யாருக்கும் தெரியாமல் இருக்கிறது, வலி இல்லாமல் இல்லை. இதைக் குழந்தை நேயம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

சரி, பள்ளியைத் தயார் செய்வது என்றால் என்ன? நான் கேட்பவை இவை.

சோதனை நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் நடக்கட்டும். தவறியதைச் சரிசெய்ய இன்னும் மூன்று வருஷம் அதே பள்ளியில் இருக்கும். மலாய், தமிழ், கணிதம் மூன்றும் போதும். எதையும் மனப்பாடம் செய்து எழுத முடியாதபடி, வாசித்துப் புரிந்துகொள்வதையும் எழுதுவதையும் கணக்குப் போடுவதையும் மட்டும் கேட்கட்டும்.

கண்காணிப்பாளர் பக்கத்துப் பள்ளியிலிருந்து வரட்டும். விடைத்தாள் பள்ளிப் பெயரும் மாணவர் பெயரும் இல்லாமல் வேறு மாவட்டத்துக்குத் திருத்தப் போகட்டும். திருத்துபவர்கள் முதலில் ஒரே கட்டுரைக்கு ஒரே புள்ளி போடப் பழகட்டும். அதற்கு ஒரு நாள் பயிற்சி வையுங்கள். அந்த நாளுக்கும் திருத்தும் நாள்களுக்கும் ஆசிரியருக்கு வகுப்பிலிருந்து விடுப்புக் கொடுங்கள். ஏற்கெனவே கோப்புக்கும் பதிவேற்றத்துக்கும் நடுவே மூச்சு வாங்குபவர் தலையில் இதையும் சும்மா கட்டினால் அவர் கடமைக்குத்தான் செய்வார்.

சின்னப் பள்ளிகளை முதலில் நினையுங்கள். நம் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவருக்கும் குறைவாக உள்ளவை. ஆள் மிகக் குறைந்த இடங்களில் இரண்டு ஆண்டு மாணவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஓர் ஆசிரியரைக் கண்காணிப்புக்கு அனுப்பினால் இரண்டு வகுப்பு நின்றுவிடும். மாற்று ஆசிரியர் யார் என்பதைச் சோதனைக்கு முன்னால் எழுதி வைக்க வேண்டும். கணினியில் நடத்தப்போவதாக இருந்தால், பெரிய பட்டணத்துப் பள்ளியில் ஒத்திகை பார்த்துவிட்டு ‘எல்லாம் ஓகே’ என்று சொல்லாதீர்கள். தோட்டத்துப் பள்ளியின் இணைய இணைப்பில், அங்கே இருக்கும் பழைய கணினியில் ஒத்திகை பாருங்கள். நாங்கள் ஒரு இயந்திரத்தைச் சோதிக்கும்போது அதன் பலவீனமான இடத்தில்தான் பாரம் ஏற்றுவோம்.

கணிதத் தாளைத் தமிழில் தருவதென்றால், மலாயில் எழுதிய கேள்வியை அப்படியே பெயர்த்துத் தருவது போதாது. வாக்கியம் சிக்கியதால் தவறிய பிள்ளையைக் கணக்குத் தெரியாதவன் என்று எழுதிவிடுவோம். தமிழ்ப்பள்ளி மாணவரிடமே அந்தக் கேள்விகளை முன்கூட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துகள் குழம்பிப்போகும் பிள்ளைக்குக் கூடுதல் நேரமும், கேள்வியை வாசித்துக்காட்ட ஓர் ஆளும் வேண்டும். அது சலுகை இல்லை. அது இல்லாமல் அளந்தால் அளவே தப்பு.

முடிவு ஆறு வாரத்துக்குள் ஆசிரியர் கையிலும் பெற்றோர் கையிலும் இருக்கட்டும். வேறு யார் கையிலும் வேண்டாம். மொத்தம் எத்தனை ஏ என்ற கணக்கே இருக்கக்கூடாது. எதை வாசிக்க முடிகிறது, எங்கே தடுக்குகிறது என்று நாலு வரி போதும். அந்தத் தாளோடு கூடவே ஒரு குறைநீக்கல் ஆசிரியரும் பள்ளிக்கு வர வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய நிபந்தனை. ஆள் அனுப்பப் பணம் இல்லை என்றால் சோதனையும் நடத்தாதீர்கள். மருந்து இல்லாத ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை எதற்கு?

இவை அமைச்சுக்கு. நமக்கும் வேலை இருக்கிறது, அதுதான் கஷ்டமானது. யூ.பி.எஸ்.ஆரை அமைச்சு மட்டுமா கெடுத்தது? ஏழு ஏ படத்தைப் போட்ட நாளிதழ் நம்முடையது. பதாகை அடித்த பணம் நம்முடையது. மூன்றாம் ஆண்டிலிருந்தே வழிகாட்டி நூல் விற்றவர்களும் நம்மவர்கள்தான். நாளைக்கே நல்ல சோதனை ஒன்று வந்தாலும், ‘எங்கள் பள்ளி மாநிலத்தில் முதலிடம்’ என்று முதல் பதாகையை நாம்தான் கட்டுவோம். அடுத்த வருஷமே மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு உடற்கல்வி போய்விடும்.

ஆகவே, யூ.பி.எஸ்.ஆர் திரும்ப வேண்டும் என்று மனு கொடுக்கப் போகும் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். மனுவோடு சேர்த்து ஓர் உறுதிமொழியும் எழுதுவீர்களா? புள்ளிக்குப் பரிசு கொடுக்கமாட்டோம், எந்தப் பிள்ளையின் படத்தையும் போடமாட்டோம், பரிசளிப்பு விழாவுக்கு வைத்திருக்கும் பணத்தை நான்காம் ஆண்டில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் மாலை வகுப்புக்குக் கொடுப்போம் என்று? எழுதுவீர்கள் என்றால் மனுவில் என் கையெழுத்தும் உண்டு.