அங்காடியும் இருக்கையும்

ஒரு நகரின் செல்வத்தை அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளை நோக்குவர்; அந்நகர மாந்தரின் இயல்பை அறிய விரும்புவோரோ அதன் அங்காடித் தெருவிற்கே செல்லுதல் வேண்டும். கொடுப்பாரும் கொள்வாரும், உண்பாரும் உண்பிப்பாரும் ஆங்கே ஒருங்கு கூடுகின்றனர். மக்கள் ஒருவரை ஒருவர் எங்ஙனம் மதிக்கின்றனர் என்பது அங்கே தோன்றுவதுபோல் வேறெங்கும் தெளிவாய்த் தோன்றுவதில்லை.

தமிழர் பண்டுதொட்டே அங்காடியைப் போற்றியவர். பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. பட்டினப்பாலையோ, புகார் நகர வணிகர் வாங்குங்கால் மிகுதியையும் விற்குங்கால் குறைவையும் விரும்பாத நடுவுநிலையாளர் எனப் புகழ்கின்றது. பொருளை நிறுக்குந் துலாக்கோலுக்கு இருந்த அந்நேர்மை, பிறர் உழைப்பை நிறுக்குங் கோலுக்கும் வேண்டுமன்றோ? இதுவே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இக்காலத் தமிழகத்தில் அங்காடி என்றவுடன் பலர்க்கும் நினைவில் எழுவது சென்னைத் தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவருள் ஒருவராகிய சர். பிட்டி தியாகராயச் செட்டியாரின் (1852-1925) பெயர் தாங்கிய அப்பகுதி, 1920-களில் ஏரியொன்றைத் தூர்த்து அமைக்கப்பெற்றது. குடியிருப்புக்கென வகுத்த இடம் நாளடைவில் வாணிகக் கடலாயிற்று. மாம்பலம் புகைவண்டி நிலையத்தையும் உசுமான் சாலையையும் இணைக்கும் ரங்கநாதன் தெருவில், தீபாவளியை ஒட்டிய நாட்களில் நாம் நடப்பதில்லை; கூட்டமே நம்மை நடத்திச் செல்கின்றது. பாண்டி பஜாரிலோ, 2019-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பெற்ற அகன்ற நடைபாதையில் முதியோரும் சிறுவரும் அச்சமின்றி உலவுகின்றனர். வாங்கிக் களைத்தவர்க்கு இட்டிலியும் தோசையும் ஆவி பறக்கும் காபியும் காத்திருக்கின்றன. இவ்வின்பத்தை யாம் பழிப்பேமல்லேம். உழைத்து ஈட்டிய பணத்தில் பிள்ளைக்கு ஒரு புத்தாடை வாங்கி, குடும்பத்தோடு அமர்ந்து உண்பது இல்லறத்தின் நல்லின்பங்களுள் ஒன்றேயாம்.

ஆயின், நாம் அமர்ந்து உண்ணும் அவ்வேளையில் நிற்பவர் யாவர்? மேற்கு மலைத்தொடரின் அடியில் விளங்கும் எமது சிவகிரியைப் போன்ற தென்மாவட்ட ஊர்களிலிருந்து, பள்ளிப் படிப்பை முடித்தும் முடியாமலும் தலைநகரின் கடைகளுக்கு வேலைக்குச் சென்ற இளைஞரும் இளமகளிரும் பலர். 2010-ஆம் ஆண்டில் வசந்தபாலன் இயக்கி வெளிவந்த ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படம் அன்னோர் வாழ்வையே நாடறியச் செய்தது. அதனைக் கண்டு கண்ணீர் உகுத்தோர் பலர். மறுநாள் கடைக்குச் சென்று, அங்கே நிற்கும் பெண்ணுக்கு அமர ஓர் இடம் உண்டோ என்று நோக்கியவர் எத்துணையர்?

நாள்முழுதும் நிற்பதால் கால் நரம்புகள் புடைத்து முறுக்கேறுதலும், இடுப்பு வலியும், பாத வீக்கமும் உண்டாதலை மருத்துவர் எடுத்துரைக்கின்றனர். நிற்றல் வணிகத்தின் தொன்று தொட்ட வழக்கமுமன்று. பழைய ஜவுளிக் கடைகளில் பாயோ மெத்தையோ விரித்து, விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே அமர்ந்து துணியை விரித்துப் பார்ப்பது வழக்கம். கடை மாடிமேல் மாடியாய் உயர்ந்தபோதுதான் பணியாளரின் இருக்கை மறைந்தது.

இக்குறையை முதலில் உரக்கச் சொன்னவருள் கோழிக்கோட்டு மகளிர் குறிப்பிடத்தக்கவர். அந்நகரின் மிட்டாய்த் தெருக் கடைகளில் பணிபுரிந்தோரைத் தையற்றொழிலாளியாகிய விஜி என்பார் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பில் திரட்டினார். முதலில் கழிப்பிடத்திற்காகவும் பின்னர் இருக்கைக்காகவும் அவர்கள் போராடினர். அதன் பயனாய் 2018-ஆம் ஆண்டில் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியினிடையே வாய்ப்புக் கிட்டும்போது அமருதற்கேற்ற இருக்கைகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருத்தல் வேண்டுமென விதித்தது. இச்சட்டம் துணிக்கடைக்கு மட்டும் உரியதன்று.

‘பணியாளர் அமர்ந்திருந்தால் வாங்க வருவோர் அதனை அவமதிப்பாகக் கருதுவரே’ என்பார் உளர். வங்கியில் அமர்ந்தபடியே பணம் எண்ணித் தருபவரையும், புகைவண்டி நிலையத்தில் அமர்ந்தபடியே சீட்டுத் தருபவரையும் நாம் அங்ஙனம் கருதுகின்றோமோ? கருதுவதில்லை. பட்டுச்சேலையை விரித்துக் காட்டும் பெண்ணிடம் மட்டும் அவ்வெண்ணம் எழுமாயின், குறை அவள் பண்பில் இல்லை. நம் உள்ளத்திலேயே உளது. ‘இடம் இல்லை’ என்பார் கூற்றும் வலியுடையதன்று. பொம்மைகள் நிற்க இடமுள்ள கடையில் ஒரு முக்காலிக்கு இடமிராதோ? கூட்டம் மிக்க வேளையில் அமருமாறு எவரும் கேட்கவில்லை. நண்பகலில் கடை வெறிச்சோடிக் கிடக்கும்போதும், உணவு விடுதியில் மேசைகள் ஒழிந்திருக்கும்போதும் நின்றே தீரவேண்டும் என்பதையே யாம் மறுக்கின்றோம்.

சட்டம் ஏட்டில் ஏறிவிட்டது. அது கடையினுள் நுழைய வேண்டுமாயின் வாங்குவோர் துணை இன்றியமையாதது. மாணவ நண்பர்களே! அடுத்த முறை ஆடை வாங்கச் செல்லும்போது விலைச்சீட்டை நோக்குவதோடு, பணியாளர்க்கு இருக்கை உண்டோ என்றும் நோக்குமின். இல்லையாயின் உரிமையாளரிடம் பணிவுடன் வினவுமின். விரித்த துணியின் பின்னே அமர்ந்திருப்பவர் எழாமலே விடை கூறின் முகஞ்சுளியற்க. இக்கல்லூரியில் பயின்று இன்று வணிகத்தில் சிறந்து விளங்கும் பழைய மாணவர்கள், தம் கடைகளில் நான்கு முக்காலிகளை இட்டு வழிகாட்டுவாராக. சென்னைக்குச் சென்ற எம்மூர்ப் பிள்ளைகள் பண்டிகைக்கு வீடு திரும்புங்கால் வீங்கிய கால்களோடு வாராதிருக்க, அச்சிறு செலவு போதும்.