மரத்துக்கு உண்டு, மனிதனுக்கு இல்லையா?

கோலகங்சாரில் முதிய ரப்பர் மரமொன்று வேலியிட்டுக் காக்கப்படுகிறது. 1877-இல் நடப்பட்ட கன்றுகளுள் எஞ்சியதென அதனைப் போற்றுகிறோம். பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கும், சிங்கப்பூர் வழியே பேராவுக்கும் அவ்வினம் வந்த வரலாறு ஏட்டில் உள்ளது. அவ்வினத்து மரங்களில் பால் வெட்ட வந்த நம் பாட்டன் எவ்வூரான், எவ்வாண்டு பினாங்கில் இறங்கினான் என்று கேட்டால், ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பல வீடுகளில் மௌனமே விடை. 1025-இல் இராசேந்திர சோழன் கடாரம் வென்றதை மேடைதோறும் முழங்கும் நாம், கொள்ளுப்பாட்டன் பெயரைச் சொல்லத் தடுமாறுகிறோம். இது பெருமையா?

‘கூலிக்கு வந்தவனுக்கு ஏது ஏடு?’ என்பர் சிலர். சோம்பலுக்குச் சூட்டிய அழகிய பெயர் இது. எழுத்தறியாதவன் தன்னைப் பற்றி எழுதவில்லை என்பது மெய். அவனிடம் வேலை வாங்கியோர் எழுதாமல் இருந்ததில்லை. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி சட்டமானபின், இந்தியத் தொழிலாளரின் வேலைநாளைக் கணக்கிட்டே முதலாளி நிதிக்குப் பணம் கட்டினான். கிராணியின் செக்ரோலில் பேரேறாமல் சம்பளம் ஏது?

அவ்வேடுகள் தோட்டத் துண்டாடலிலும் கைமாற்றத்திலும் சிதறியிருக்கலாம். எனினும் பிறப்புச் சான்றிதழ், 1948-இல் அவசரகாலத்தின்போது தொடங்கிய அடையாள அட்டை, தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, தேவாலயத் திருமுழுக்குப் பதிவேடு, கோயிலின் நன்கொடைக் கல், தேசிய ஆவணக் காப்பகத்தின் தொழிலாளர் துறைக் கோப்புகள், 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ எனத் தேடுமிடங்கள் பல.

ஏட்டையும் வாய்மொழியையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்தலே ஆராய்ச்சி. பாட்டன் வந்த கப்பல் ‘ரஜூலா’ என்று பாட்டி சொன்னால், வந்த ஆண்டு 1926-க்கு முந்தியதன்று; அக்கப்பல் அவ்வாண்டில்தான் கடலில் இறங்கியது. கங்காணி அழைத்து வந்தாரெனில், உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்திய 1938-க்கு முன்னரே வந்திருத்தல் வேண்டும். இவ்வாறு ஒரு சொல்லிலிருந்து காலத்தின் இரு கரைகளும் தெரிகின்றன.

மொரீசியசில் ஒப்பந்தத் தொழிலாளரின் பதிவேடுகளை மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையம் காத்துவருகிறது. பேரப்பிள்ளைகள் அங்கே மூதாதையரின் ஊரைத் தேடிக் காண்கின்றனர். ஏடு இல்லாதார் நிலை என்ன? 1942–43-இல் சயாம் மரண இரயில் பாதையில் மாண்ட நேசநாட்டு வீரர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. அதே பாதையில் மடிந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர்க்கு ஆள்தோறும் கல் இல்லை. பெயர் எழுதப்படாதவன் இருமுறை சாகிறான்.

‘பழைய ஏட்டைக் கிளறினால் சாதி வெளிப்படும்’ என்று அஞ்சுவாரும் உளர். சாதியை ஒழிக்க வேண்டியது மனத்திலிருந்து. ஏட்டைக் கொளுத்துவதால் அது ஒழியாது. தாழ்த்தப்பட்டவன் எத்தனை தடைகளைத் தாண்டித் தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தான் என்பதற்கும் அவ்வேடே சான்று.

மேலும், தாள் என்பது வாழ்வுரிமை. உரிய ஆவணமின்றி அடையாள அட்டையும் குடியுரிமையும் பெறாது தவித்த இந்தியர்க்காக 2011-இல் ‘மைடஃப்தார்’ என்னும் பதிவு இயக்கமே நடத்தவேண்டியதாயிற்று. பாட்டன் தாளைப் பேணாத குடும்பத்தில் பேரனின் படிப்புக்கும் பிழைப்புக்கும் கதவு அடைபடுகிறது.

தமிழாசிரியர்களே! தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறின. பள்ளிகள் பல இடம்பெயர்ந்தன. உங்கள் பள்ளி அலமாரியில் செல்லரிக்கும் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரின் இசைவோடு படியெடுங்கள். மாணவர்களே! கட்டுரைப் போட்டிக்குச் சோழர் பெருமை எழுதுமுன், வீட்டுப் பெட்டியிலுள்ள தாள்களை எடுத்து, அவற்றிலுள்ள பெயரையும் ஊரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்போடு பாட்டியிடம் அமருங்கள். தாளையேனும் காப்பகத்தில் தேடலாம். பாட்டியின் நினைவுக்குப் படி இல்லை.