மலைபடுகடாம் படித்தவர்களின் மருந்துப் பெட்டி

தை பிறந்துவிட்டது. பிப்ரவரியில் வெள்ளியங்கிரிப் பாதை திறக்கும். மே மாதம் வரை ஏழு மலையிலும் கூட்டம் ஏறும். எங்கள் குழுவும் வழக்கம்போலத் தயாராகிறது. எந்த இரவில் ஏறுவது, யார் வண்டி எடுப்பது, மூங்கில் தடி எங்கே வாங்குவது என்று ஒரு வாரமாகப் பேசித் தீர்த்துவிட்டோம். முதலுதவிப் பெட்டியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேச்செடுத்தபோது வந்த பதில்: "அதுதான் இருக்கிறதே!"

இந்தக் கட்டுரை அந்த 'இருக்கிறதே'க்கு எதிரானது.

இருக்கத்தான் செய்கிறது. சென்ற ஆண்டு ஐந்தாம் மலையில் அதைத் திறந்தோம். உடன் வந்த நண்பருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, தலை சுற்றியது, வியர்த்துக் கொட்டியது. பெட்டியில் கிடந்த ஒரே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஈரம் ஏறிக் கல்லாக இறுகியிருந்தது. பிளாஸ்திரியில் பசை இல்லை. பாராசிட்டமால் அட்டையில் காலாவதித் தேதி அச்சிட்ட பகுதியையே எவரோ கிழித்துத் தின்றிருந்தார்கள். கீழே இறங்கிக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத இளைஞர் ஒருவர் தம் பையிலிருந்து கொடுத்த பொட்டலமும் தண்ணீரும்தான் அன்று நண்பரை எழுப்பி உட்காரவைத்தன. குறிஞ்சித் திணையை வகுப்பில் மணிக்கணக்காக நடத்துகிற நாங்கள் நான்கு பேர் தலைகுனிந்து நின்றோம். அந்தப் பெட்டியைத்தான் இவ்வாண்டும் தூக்கிச் செல்லலாம் என்கிறார்கள்.

"நம் முன்னோர் பெட்டியோடா மலையேறினார்கள்?" என்று கேட்போர் உண்டு. தமிழ் படித்தவர்களே இதைக் கேட்பதுதான் வேதனை. முன்னோர் ஏறிய கதையை அறிய மலைபடுகடாத்தைப் புரட்டினால் போதும். நன்னனைக் காணச் செல்லும் கூத்தரிடம் அப்புலவர் மலையழகை மட்டுமா பாடுகிறார்? பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு ஒடுங்கியிருக்கும் குழி எங்கே, வழுக்கும் பாறை எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எப்படி வரும் என்று இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, தப்பும் வழியையும் சொல்லி அனுப்புகிறார். ஆயத்தமின்றி மலைக்குப் போவது வீரம் என்று அப்பாட்டில் எங்கும் இல்லை. முன்னோரை அலட்சியத்துக்குச் சாட்சியாக அழைப்பவர்கள் முன்னோரைப் படித்தவர்கள் அல்லர்.

"சிவன் பார்த்துக்கொள்வார்" என்பது அடுத்த வாதம். பார்த்துக்கொள்ளட்டும். அந்த இளைஞர் பையில் பொட்டலம் இருந்ததையும் அவர் செயலென்றே வைத்துக்கொள்வோம். அடுத்தவர் பையில் மட்டுமே அவர் எழுந்தருள வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகைப் பக்தி?

பழைய பெட்டியில் இல்லாதவற்றைக் காட்டிலும் இருப்பவையே ஆபத்தானவை. எங்கள் பெட்டியில் ஒரு ரப்பர் குழாயும் ஒரு புதிய பிளேடும் இருந்தன. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவும் கீறவுமாம்! கட்டுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது என்று மருத்துவ உலகம் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இறுக்கிக் கட்டினால் கடிபட்ட கையோ காலோ அழுகலாம். கட்டை அவிழ்க்கும் கணத்தில் நஞ்சு ஒருசேரப் பாயலாம். செய்ய வேண்டியது எளிது: மோதிரம், காப்பு, செருப்பைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் சுமந்து மருத்துவமனை சேர்ப்பது. இந்தியாவில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கானது. அதையும் மருத்துவர் மேற்பார்வையில் நரம்பு வழியாகவே ஏற்ற வேண்டும். பையில் கொண்டுபோகும் பொருளன்று. ஆகவே பாம்புக்கடிக்குப் பெட்டியில் இருக்க வேண்டியவை அகலமான துணிக்கட்டு, எலும்பு முறிவுக்கும் உதவும் முக்கோணத் துணி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பெயரும் 108 என்ற எண்ணும் எழுதிய சீட்டு. பிளேடு முகம் மழிக்கப் போகட்டும்.

ஓ.ஆர்.எஸ். விஷயத்திலும் நம்மவர் அறியாமை பெரிது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவுப்படி ஒரு லிட்டருக்கான பொட்டலம் 20.5 கிராம். அதை முழு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். ஒரு குவளையில் கொட்டிக் கெட்டியாகக் குடிப்பது தீங்கு. அந்தப் பெயரைச் சூடிக்கொண்டு விற்ற இனிப்புப் பானங்களும் உண்டு. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரை அவற்றுக்கு மறுத்தது. வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். அட்டை படிக்கச் சோம்புகிறவர் உரையாசிரியர்களைப் படித்து என்ன பயன்?

பெட்டியால் ஆகாததையும் அறிந்திருக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் தீயை எந்தப் பெட்டியும் தடுத்திராது. அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. அனுமதியின்றி, காய்ந்த காட்டில், தடம் தெரியாமல் நுழைவதற்குப் பெட்டி பரிகாரம் ஆகாது. சிறு தீக்காயத்துக்கு மட்டும் ஒரு சொல்: இருபது நிமிடம் குளிர்ந்த நீர், பற்பசையும் வேண்டா, மையும் வேண்டா.

இவ்வாண்டு எங்கள் தீர்மானம் இது. பழைய பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொரு பொருளின் தேதியையும் பார்த்து, மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டுவோம். வெயிலில் நிறுத்திய காரில் மருந்தை வைக்கமாட்டோம். ஆஸ்துமா, சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர் தம் மருந்தைத் தாமே கொண்டுவருவதோடு அதை உடன் வருவோரில் ஒருவருக்கேனும் சொல்லிவைப்பர். பெட்டி பையின் அடியில் அல்ல, மேலே இருக்கும். அது யார் பையில் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இவ்வளவுக்கும் ஒரு மாலைப்பொழுதும் சில நூறு ரூபாயும் போதும். இந்த ஆண்டு ஐந்தாம் மலையில் வேறு யாரேனும் கால் இழுத்து உட்கார்ந்திருந்தால், அவருக்குக் கொடுக்க எங்களிடம் ஒரு பொட்டலம் இருக்கும். பட்ட கடனை அப்படித்தான் தீர்க்க முடியும்.