கத்திரி வெயிலில் தக்காளி காய்க்காதது ஏன்?

மாலை நேரம். குடும்பத் தலைவி ஒருவர் மொட்டை மாடிக்குப் போகிறார். அங்கே ஆசையாக வளர்த்த தக்காளிச் செடி நிற்கிறது. செடியில் பூ இருக்கிறது. ஆனால், ஒரு பிஞ்சுகூட இல்லை! பூக்கள் காம்போடு உதிர்ந்து கீழே கிடக்கின்றன.

"தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது" என்று நினைக்கிறார். மறுநாள் நண்பகலில் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றுகிறார். அடுத்த நாளும் ஊற்றுகிறார். செடி காய்த்ததா? இல்லை. வேர் அழுகியதுதான் மிச்சம்!

கோடையில் பல வீடுகளில் நடக்கும் கதை இது. குறை தண்ணீரில் இல்லை, சூட்டில் இருக்கிறது. சூட்டைத் தணிக்க, கூடுதல் தண்ணீரைவிட நிழலும் மூடாக்கும் பெரிய உதவி செய்யும்.

வெயில் கூடுகிறது

கத்திரி வெயில் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி, 28-ஆம் தேதி வாக்கில் முடியும். ஆனால், இப்போது பங்குனியிலேயே வெயில் சதம் அடிக்கிறது.

2024 ஏப்ரல், மே மாதங்களில் ஈரோடு, வேலூர், கரூர் பரமத்தி ஆகிய ஊர்களில் வெயில் 107 டிகிரியைத் தாண்டியது. இது பாரன்ஹீட் கணக்கு. இந்தியாவில் 1901 முதல் எடுத்த கணக்கில், அதுவரை இல்லாத வெப்பமான ஆண்டு 2024 என்று வானிலைத் துறை அறிவித்தது.

இதற்கும் நம் வீட்டுக் குழம்புக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு!

இரவும் சுடுகிறது

தக்காளிப் பூவில் மகரந்தம் என்ற தூள் இருக்கிறது. அது உயிரோடு இருந்தால்தான் பூ பிஞ்சாகும். பகலில் 95 டிகிரிக்கு மேலும், இரவில் 75 டிகிரிக்கு மேலும் சூடு நீடித்தால் அந்தத் தூள் கெட்டுவிடுகிறது. பூ உதிர்ந்துவிடுகிறது.

சென்னையில் மே மாதம் இரவில்கூட 82 டிகிரி இருக்கும். மாடித் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு, இரவெல்லாம் அந்தச் சூட்டைக் கக்குகிறது. பிறகு தக்காளி எப்படிக் காய்க்கும்?

ஆகவே தக்காளி நாற்றை மார்கழியிலேயே நட வேண்டும். மாசி, பங்குனியில் பறித்துவிடலாம். சித்திரையில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை ஆகியவற்றை வளர்க்கலாம். இவை வெயிலைத் தாங்கும். கத்திரியும் ஓரளவு தாங்கும்.

மண்பானை சொல்லும் பாடம்

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. ஆவி போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

செடியும் ஒரு மண்பானைதான்! வேர் தண்ணீரைக் குடிக்கிறது. இலையிலுள்ள நுண்துளைகள் வழியே அது ஆவியாகிறது. செடி குளிர்கிறது.

வெயில் மிகவும் கொளுத்தினால், நீரைச் சேமிப்பதற்காகச் செடி அந்தத் துளைகளைக் குறுக்கிக்கொள்கிறது. இலை தொங்குகிறது. இதைப் பார்த்துப் பதற வேண்டாம். மாலையில் இலை தானாக நிமிர்ந்தால், செடி நலமாக இருக்கிறது என்று அர்த்தம். காலையிலும் தொங்கிக் கிடந்தால், விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். வேரில் கோளாறு இருக்கலாம்.

வெந்நீர் ஊற்றாதீர்கள்!

மதியம் 2 மணிக்கு மாடியிலுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் குழாயைத் திறந்து பாருங்கள். கை சுடும்! அந்தத் தண்ணீரைத்தான் பலர் செடியின் வேரில் ஊற்றுகிறார்கள்.

தண்ணீர் ஊற்றக் காலை 7 மணிக்குள் உள்ள நேரமே நல்லது. தொட்டி சிறியதாக இருந்தால், வெயில் தாழ்ந்த பிறகு இன்னொரு முறை ஊற்றலாம். அரிசியும் காய்கறியும் கழுவிய தண்ணீரே பல செடிகளுக்குப் போதும்.

நகரங்களில் தண்ணீரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஒரு குடத்துக்காகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அப்படிப்பட்ட ஊரில், நண்பகலில் ஊற்றி வீணாகும் ஒவ்வொரு வாளியும் நட்டமே.

செலவில்லாத வழிகள்

முதல் வழி மூடாக்கு. செடியைச் சுற்றி வைக்கோல், சருகு, தென்னை நார்க்கழிவு, கரும்புத் தோகை இவற்றில் ஏதேனும் ஒன்றை 2 அங்குலம் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். மண்ணில் நேரடியாக வெயில் விழாது. ஈரம் நிற்கும். வேர் குளிர்ந்திருக்கும்.

இரண்டாவது நிழல். நாள் முழுவதும் நிழல் கூடாது, பூக்காது. மதியம் 12 முதல் 4 மணி வரை நிழல் விழுந்தால் போதும். வீட்டுச் சுவரின் கிழக்குப் பக்கம் இதற்கு ஏற்றது. காலை வெயில் கிடைக்கும். பிற்பகலில் சுவரே நிழல் தரும். மாடியில் தென்னங்கீற்றோ, பழைய வேட்டியோ கட்டலாம். வசதி இருந்தால் நிழல்வலை வாங்கலாம். ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். பக்கங்களை மூடாதீர்கள். காற்றும் செடிக்கு விசிறிதான்!

மூன்றாவது, தொட்டியின் அடி. சுடும் தளத்தில் தொட்டியை நேரடியாக வைக்காதீர்கள். இரண்டு செங்கல்மேல் வையுங்கள். கறுப்புப் பையாக இருந்தால், சுற்றிலும் வெள்ளைத் துணியோ சாக்கோ கட்டுங்கள். தொட்டிகளை நெருக்கி வைத்தால், ஒன்றின் நிழல் மற்றொன்றுக்கு விழும்.

கடும் வெயிலில் யூரியா போடுவதை நிறுத்துங்கள். வாடிய செடிக்கு உரம் மருந்தல்ல.

இவையெல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. வெற்றிலைக் கொடிக்காலைப் பாருங்கள். இளங்கொடி வெயிலில் கருகக் கூடாது என்று, முதலில் அகத்தியை வளர்த்து அதன் நிழலில் கொடியை ஏற்றுகிறார்கள். தாத்தா காலத்து அறிவு அது!

விலைக்கும் இதற்கும் என்ன உறவு?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அந்த விலையேற்றத்துக்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தப் பருவத்தில் எப்போதும் வரத்து குறையும். கூடவே வெள்ளை ஈயால் நோய் பரவியது. பல இடங்களில் மழையும் பெய்தது. ஆனால் ஒன்று உறுதி. பூ உதிரும் கோடை நீண்டால், சந்தைக்கு வரும் கூடையும் குறையும்.

மாடியிலுள்ள நான்கு செடிகளால் கோயம்பேட்டு விலை இறங்காது. அது உண்மை. நம் வீட்டுச் செடி படும் பாட்டைத்தான் விவசாயியின் ஏக்கர் கணக்கான செடிகளும் படுகின்றன. அவருக்கும் தேவை மூடாக்கு, நிழல், சொட்டுநீர்தான். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு 100 சதவீத மானியம் அளித்து வருகிறது. நிழல்வலைக்கு ஆகும் செலவு சிறு விவசாயிக்குப் பெரிய சுமை. அந்தச் சுமையில் தோள் கொடுத்தால், கோடையில் காய் வரத்து குறையாமல் காக்கலாம்.

ஒரு செடியைக் கோடையில் காப்பாற்றிப் பார்த்தவருக்கு விவசாயியின் கஷ்டம் புரியும். அடுத்த முறை சந்தையில் விலை கேட்டு முகம் சுளிக்கும்போது, அந்தப் பூக்களையும் நினைத்துக்கொள்வோம்.

நாளைக் காலை செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு கூடை சருகை அள்ளிச் செடியின் காலடியில் போடுங்கள். காசு செலவில்லை. செடி பிழைக்கும், தண்ணீரும் மிஞ்சும்!