முதலாளி வேண்டாம் என்கிறது சட்டம். வரிசையில் நில் என்கிறது பிறந்த நாடு

முதலாளியின் தயவு இல்லாமல், தாமே தமக்காக மனுப் போட்டு அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறலாம் என்ற பேச்சு புனேயில் படித்த வாலிபர்களிடையே பலமாக அடிபடுகிறது. ராஸ்தா பேட், கட்கி, தேஹு ரோடு பகுதிகளில் இது தமிழ்க் குடும்பங்களையும் தொட்டிருக்கிறது. ராணுவத் தளவாடக் கிடங்கிலும் ரயில்வேயிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று ஹிஞ்சவடி கம்ப்யூட்டர் நிறுவனங்களில் பொறியாளர்கள். அவர்களுக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் உண்டு.

பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டுவது ஆபத்து.

ஏன் இந்த அவசரம்?

இந்தியப் பொறியாளர் அமெரிக்கா போகும் வழக்கமான பாதை ‘எச்-1பி’ விசா. இதற்கு அங்குள்ள ஒரு நிறுவனம் மனுப் போட வேண்டும். ஆண்டுக்கு 65,000 பேர், அமெரிக்காவிலேயே மேல்பட்டம் பெற்றவர்களில் மேலும் 20,000 பேர் என்பது வரம்பு. கேட்பவர்கள் அதிகம் என்பதால் பல ஆண்டுகள் குலுக்கல் முறையிலேயே ஆட்கள் தேர்வானார்கள்.

2025 செப்டம்பர் 19-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். வெளிநாட்டில் இருப்பவருக்காகப் புதிதாக எச்-1பி மனுப் போடும் நிறுவனம் 1 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்றது அந்தப் பிரகடனம். அன்றைய மதிப்பில் இது சுமார் 88 லட்சம் ரூபாய். ஒரு இளைஞருக்காக இவ்வளவு தொகை கட்ட எந்த நிறுவனமும் தயங்கும். அதனால்தான் முதலாளி தேவைப்படாத வழி என்ன என்று எல்லோரும் தேடத் தொடங்கினார்கள்.

சட்டத்தில் உள்ள இரண்டு வாசல்கள்

அந்த வழி புதியதல்ல. 1990-ம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்திலேயே இருக்கிறது.

முதல் வாசல், ‘இபி-1ஏ’. விஞ்ஞானம், கலை, கல்வி, வர்த்தகம், விளையாட்டு ஆகியவற்றில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கானது. நோபல் போன்ற பெரும் பரிசு பெற்றவருக்கு அதுவே சான்று. மற்றவர்கள் 10 அளவுகோல்களில் குறைந்தது 3-ஐ நிரூபிக்க வேண்டும்: விருதுகள், ஆய்வுக் கட்டுரைகள், பிறர் ஆய்வை மதிப்பிட்ட அனுபவம், உயர்ந்த சம்பளம் போன்றவை அவை. மூன்றைக் காட்டியதுமே அனுமதி கிடைத்துவிடாது. மொத்தத்தில் இவர் தம் துறையின் உச்சியில் இருப்பவர்தானா என்று அதிகாரி மறுபடியும் எடை போடுவார்.

இரண்டாவது வாசல், ‘தேசிய நலன் விலக்கு’. இது ‘இபி-2’ பிரிவைச் சேர்ந்தது. மேல்பட்டம் பெற்றவரோ சிறப்புத் திறமை உள்ளவரோ, தமது பணி அமெரிக்காவின் நலனுக்கு உகந்தது என்று காட்டினால், வேலை தரும் நிறுவனம் வேண்டும் என்ற நிபந்தனை தளர்த்தப்படும். 2016 டிசம்பரில் தனாசர் என்ற விண்வெளிப் பொறியியல் ஆய்வாளரின் மனுவில் பிறந்த தீர்ப்பு இதற்கு மூன்று கேள்விகளை வகுத்தது. பணிக்கு உண்மையான மதிப்பும் தேச அளவில் முக்கியத்துவமும் உண்டா? அதைச் செய்து முடிக்கும் நிலையில் இவர் இருக்கிறாரா? நிபந்தனையைத் தளர்த்துவதால் நாட்டுக்கு லாபமா? 2022 ஜனவரியில் விஞ்ஞான, பொறியியல் துறையினருக்கு இந்த வாசலைச் சற்று அகலமாக்கும் வழிகாட்டுதல் வந்தது. 2025 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல் பிடியை இறுக்கியது.

துண்டுச் சீட்டு இல்லாத சுதந்திரம்

தாமே மனுப் போடுவதில் உண்மையான லாபம் ஒன்று உண்டு. நிறுவனம் போட்ட மனு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தாமே போட்ட மனு தம் கையில் இருக்கிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோர் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்தவர்கள். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக, கடன் கணக்கு எழுதிய ‘துண்டு’ அவர்களுக்குத் தேவைப்பட்டது. கடனைப் புதிய துரை ஏற்றால்தான் தொழிலாளி நகர முடியும். 1921-ல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. அந்த ஏழைத் தொழிலாளியையும் இன்றைய பொறியாளரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் எச்-1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால், அதிகபட்சம் 60 நாளில் வேறு முதலாளியைத் தேட வேண்டும் அல்லது விசா வகையை மாற்ற வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். சம்பளம் உயர்ந்தாலும் கட்டு முழுவதும் அறுந்துவிடவில்லை.

பிறந்த நாடுதான் கணக்கு

மனு ஏற்கப்பட்டால் பச்சை அட்டை வந்துவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

வேலை அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 பச்சை அட்டைகள்தான் வழங்கப்படுகின்றன. மனைவி, மக்களும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறார்கள். இபி-1, இபி-2 பிரிவுகளுக்குத் தலா சுமார் 40,000. இதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொது விதி. அதாவது ஒரு பிரிவில் சுமார் 2,800. மற்ற நாட்டார் மிச்சம் வைத்தால் மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும்.

ரயில் பயணிகளுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. புனே ஜங்ஷனுக்கும் வழியில் உள்ள சிறிய நிலையத்துக்கும் ஒரே அளவு படுக்கை ஒதுக்கினால், சிறிய நிலையத்தில் ஏறுபவருக்கு உடனே இடம் கிடைக்கும். புனேக்காரர் காத்திருப்போர் பட்டியலில் கிடப்பார். கோடிக்கணக்கில் ஜனத்தொகை உள்ள இந்தியாவுக்கும் சிறு தீவு ஒன்றுக்கும் இங்கே ஒரே உச்சவரம்புதான்.

2025 செப்டம்பர் மாத விசாப் பட்டியலைப் பார்த்தால் நிலைமை விளங்கும். இபி-2 பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களில், 2013 ஜனவரி 1-ந் தேதிக்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. 12 ஆண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு. இபி-1 பிரிவில் அந்தத் தேதி 2022 பிப்ரவரி 15. தேசிய நலன் விலக்குப் பெற்றவரும் இபி-2 வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும்.

கணக்கு குடியுரிமையைப் பார்ப்பதில்லை. பிறந்த நாட்டைப் பார்க்கிறது. தேஹு ரோட்டில் பிறந்த தமிழர் பிற்பாடு கனடாப் பிரஜை ஆனாலும் இந்திய வரிசைதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழருக்கு அதே மாதம் இபி-1 பிரிவில் காத்திருப்பே இல்லை. திறமையும் தாய்மொழியும் ஒன்றாக இருந்தும், தொட்டில் கிடந்த இடம் வேறு! வேறு நாட்டில் பிறந்தவரை மணந்திருந்தால், கணவன் அல்லது மனைவியின் பிறந்த நாட்டுக் கணக்கில் சேரச் சட்டம் இடம் தருகிறது. நம்மவரில் மிகச் சிலருக்கே அது பொருந்தும்.

காத்திருக்கும்போது என்ன செய்வது?

ஏற்கப்பட்ட மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் வேலை செய்ய முடியாது. புனேயில் இருப்பவர் முறை வரும்வரை புனேயில்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இருப்பவருக்கு, 6 ஆண்டு வரம்பு முடிந்த பின்னும் எச்-1பி விசாவை 3 ஆண்டு வீதம் நீட்டிக்க அந்த மனு உதவும். ஆனால் எச்-1பி விசாவுக்கு ஒரு முதலாளி வேண்டுமே! முன்வாசலில் அனுப்பிய முதலாளி பின்வாசலில் வந்து நிற்கிறார்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கவலைக்குரியது. 21 வயது நிறைந்த மகனோ மகளோ பெற்றோரின் மனுவிலிருந்து கழன்றுவிடுவார்கள். 2002-ம் ஆண்டுச் சட்டம், மனு பரிசீலனையில் கிடந்த நாட்களை மட்டுமே வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையில் நின்ற ஆண்டுகளைக் கழிப்பதில்லை.

திறமையை விலைக்கு வாங்கலாமா?

2024 ஏப்ரலில் நிர்ணயித்தபடி, தாமே போடும் மனுவுக்கு அரசாங்கக் கட்டணம் 715 டாலர். அதோடு கூடுதல் கட்டணம் 300 டாலர். இரண்டும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய்க்குள்தான். இதற்குமேல் கேட்கும் தொகை எதுவானாலும், அது யாருக்கு, எந்த வேலைக்கு என்று கேட்பது அவசியம்.

வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுப்பதில் தவறில்லை. அவர் அமெரிக்காவில் உரிமம் பெற்றவர்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் சில இடைத்தரகர்கள் விற்பது சட்ட ஆலோசனையை அல்ல, திறமையையே விற்கிறார்கள். காசு கொடுத்தால் விருது, காசு கொடுத்தால் ஆய்வுக் கட்டுரையில் பெயர், காசு கொடுத்தால் நடுவர் பதவி! இத்தகைய சான்றுகள் பொய் என்று தெரிந்தால் மனு தள்ளுபடியாவதோடு நிற்காது. பொய்த் தகவல் கொடுத்தவர் அமெரிக்காவுக்குள் நுழைய ஆயுட்காலத் தடை வரலாம். தரகருக்கு நஷ்டமில்லை, கையெழுத்துப் போட்டவருக்குத்தான் நஷ்டம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எச்-1பி பிரகடனம் வந்த அதே நாளில் ‘தங்க அட்டை’ உத்தரவும் வந்தது. 10 லட்சம் டாலர் நன்கொடை கொடுப்பவருக்கு அந்தப் பணமே திறமைக்குச் சான்று என்றது அது. அவர்களுக்கும் இடம் இதே இபி-1, இபி-2 கணக்கிலிருந்துதான். காசு கொடுத்து விருது வாங்குபவரைத் தண்டிக்கும் அரசாங்கம், காசையே விருதாக ஏற்றுக்கொள்கிறது!

யாருக்கு ஏற்றது?

தேசிய ரசாயன ஆய்வுக்கூடம், சி-டாக், ஐசர் போன்ற புனே நிறுவனங்களில் உண்மையான ஆய்வு செய்தவர்களுக்கு, பிறர் எடுத்தாண்ட கட்டுரைகளும் கண்டுபிடிப்புகளும் உள்ளவர்களுக்கு, இபி-1ஏ நியாயமான முயற்சி. ஏற்கெனவே அமெரிக்காவில் வேலை பார்ப்பவருக்கு, வரிசையில் ஒரு தேதியைப் பிடித்து வைக்க தேசிய நலன் விலக்கு உதவும். பிற்பாடு இபி-1 மனு ஏற்கப்பட்டால் பழைய தேதியையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

இங்கே நாலைந்து ஆண்டு புரோகிராம் எழுதிய 27 வயது வாலிபருக்கு வேறு கதவுகள் உண்டு. கனடா வயது, படிப்பு, மொழி, அனுபவம் பார்த்து மதிப்பெண் போடுகிறது. பிறந்த நாடு பார்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும், 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, முதலாளி இல்லாத மதிப்பெண் முறை உண்டு. ஜெர்மனி 2024 ஜூனில் வேலை தேடுவதற்கென்றே ‘வாய்ப்பு அட்டை’ கொண்டுவந்தது. அங்கெல்லாம் போட்டி கடுமைதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு தலைக்குமேல் தொங்குவதில்லை.

மகன் வந்து “மனு ஏற்கப்பட்டுவிடும், அப்பா” என்றால், பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்கட்டும். எந்தப் பிரிவு? இந்தியாவுக்கு இந்த மாதம் எந்தத் தேதி ஓடுகிறது? முறை வரும்வரை சம்பளம் எங்கிருந்து வரும்? மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம். அதுவரை வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.