பாதிக்குப் பாதி தீர்ப்பாகாது

இருவழிச் சாலை ஒன்றில் எதிரெதிரே வந்த பேருந்தும் பைக்கும் மோதிக்கொள்கின்றன. பைக்கில் வந்தவர் இறந்துவிடுகிறார். இடப்பக்கத்தை விட்டு நான் விலகவே இல்லை என்கிறார் பேருந்து ஓட்டுநர். நடத்துநரும் அதையே சொல்கிறார். முன்னால் போன லாரியை முந்துவதற்காகப் பேருந்து வலப்பக்கம் ஏறி வந்தது என்கிறார் சாலையோரத்தில் நின்றிருந்தவர். பைக்தான் வளைந்து வளைந்து வந்தது என்கிறார் பேருந்துப் பயணி. நம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு இது பழகிப்போன வழக்கு. யாரை நம்புவது என்று தெரியாதபோது எடுக்கப்படும் முடிவும் பழகிப்போனதுதான்: இருவர் மீதும் தவறு, ஆளுக்குப் பாதி. இறந்தவரின் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டால், அதில் 10 லட்சம் அந்த ஒரு வரியில் போய்விடுகிறது.

இதை நடுநிலை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. விபத்து முழுக்க பைக் ஓட்டியவரின் தவறு என்று நிரூபிக்கப்பட்டால் பாதி என்ன, முழுவதையும் மறுக்கலாம். ஆனால் சாட்சிகள் முரண்பட்டார்கள் என்பது அவர் தவறு செய்தார் என்பதற்கு ஆதாரமல்ல. பங்களிப்புக் கவனக்குறைவு, அதாவது விபத்தில் பாதிக்கப்பட்டவரின் தவறுக்கும் பங்குண்டு, என்று வாதிடுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆதாரம் போதாமையை இறந்தவரின் கணக்கில் எழுதுவது சட்டத்துக்கும் ஒவ்வாது, நியாயத்துக்கும் ஒவ்வாது.

2022இல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இங்கே அந்த ஓர் ஆண்டில் இறந்தவர்கள் 17,884 பேர். இவற்றில் எத்தனை குடும்பங்களின் எதிர்காலம், பார்த்தவர் என்று சொல்லிக்கொள்பவரின் ஓரிரு வாக்கியங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தாலே மனம் கனக்கிறது.

முரண்படும் சாட்சிகளில் ஒருவர் பொய்யர் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவுகட்டுவது தவறு. பெரும்பாலானவர்கள் மோதல் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்கள் கண்டது முடிவை மட்டுமே. அதற்கு முந்தைய இரண்டு, மூன்று விநாடிகளை மனம் தானாக இட்டு நிரப்பிவிடுகிறது. பயணச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்த நடத்துநரால் முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்திருக்க முடியுமா? தலையில் அடிபட்டவருக்கோ மோதலுக்கு முந்தைய நிமிடங்களே நினைவில் இல்லாமல் போவதுண்டு.

கேள்வி கேட்கும் விதமே நினைவை மாற்றிவிடும் என்பதை 1974இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் காட்டினார்கள். மாணவர்களுக்கு விபத்துப் படத்துண்டுகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கும் மேல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, படத்தில் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று விசாரித்தார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆனாலும் நொறுங்க மோதியதாகக் கேள்வி கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள்.

நம் காவல் நிலையங்களில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையை இதோடு சேர்த்துப் பாருங்கள். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து’ என்ற தொடர், எந்த ஊர் விபத்தானாலும் அச்சுப் பிசகாமல் அறிக்கையில் வந்துவிடுகிறது. அது சாட்சி சொன்னதா, எழுதியவர் சேர்த்ததா என்பது யாருக்கும் தெரியாது. முந்திக்கொண்டு நிலையத்துக்குப் போனவர் புகார்தாரர் ஆகிறார். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர் எதிரி ஆகிறார். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டிலும் இதே கதைதான். கூட வந்தவர் பதற்றத்தில் ‘வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்’ என்று சொன்னால் மருத்துவர் அதை எழுதிக்கொள்வார். பிறகு மோதிய வண்டியே கிடையாது என்று வாதிட அந்த ஒரு வரி போதும்.

உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் தெளிவாகவே பேசியிருக்கிறது. இழப்பீட்டு வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்புண்டு என்று பார்த்தால் போதும் என்று 2009இல் இமாசலப் பிரதேச வழக்கொன்றில் சொன்னது. அதற்கு முன்பே, தமிழ்நாட்டிலிருந்து போன என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில், 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதே பாதையைக் காட்டினார். இரவில் ஒரு பேருந்து, தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு எட்டுப் பேர் அந்த இடத்திலேயே இறந்த வழக்கு அது. குற்றவியல் நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்திருந்தும் இழப்பீட்டுப் பொறுப்பு நீங்கவில்லை.

மூன்று பேர் ஒரே பைக்கில் போனது விதிமீறல்தான்; ஆனால் விபத்துக்கு அதுவே காரணம் என்று காட்டாமல் இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று 2020இல் இன்னொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நேரில் கண்டவரைத் தள்ளக் கூடாது என்பது 2019 தீர்ப்பு. காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஒருவரை, தானாகப் போய் போலீஸிடம் சொல்லவில்லையே என்று சந்தேகிப்பது சரியல்ல என்று மற்றொரு தீர்ப்பு சொன்னது.

ஒரு தீர்ப்போடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. காரும் பேருந்தும் மோதிய வழக்கில், நேருக்கு நேர் மோதல் என்றால் இரு ஓட்டுநர்களுக்கும் சம பொறுப்பு என்ற முடிவை 2006இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த வழக்கில் சாட்சி நம்பத்தக்கவராக இல்லை என்பது உண்மைதான். ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் இன்றுவரை அந்த வரியைத் தனியே பிடுங்கி எல்லா வழக்கிலும் நடுகின்றன. நேருக்கு நேர் மோதியிருக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் இருவரில் ஒருவர் மற்றவரின் பாதிக்குள் வந்திருக்கிறார் என்றுதான் பொருள். வந்தவர் யார் என்று தேடுவதுதான் விசாரணை.

தேடும் இடம் சாலை. நம் இருவழி நெடுஞ்சாலைகளின் தார்ப்பகுதி பொதுவாக 7 மீட்டர் அகலம். ஒவ்வொரு பக்கமும் மூன்றரை மீட்டர். மேற்கு ஓரமாகப் பேருந்து வடக்கே போகிறது, கிழக்கு ஓரமாக பைக் தெற்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிச் சில்லுகள் சிதறத் தொடங்கிய இடம், வண்டியின் அடியில் ஒட்டியிருந்த மண் உதிர்ந்த இடம், உலோகம் தாரைக் கீறிய தடம் இவை மூன்றும் கிழக்கு ஓரத்திலிருந்து 2 மீட்டரில் இருந்தால், மோதல் நடந்தது பைக்கின் பாதிக்குள் ஒன்றரை மீட்டர் தள்ளி. பேருந்து நடுக்கோட்டைத் தாண்டியிருக்கிறது. நான்கு சாட்சிகள் முரண்பட்டுச் சொன்னதை ஓர் அளவு நாடா தீர்த்துவைத்துவிடும். காய்ந்த தார்ச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு 20 மீட்டர் இழுத்த தடம் இருந்தால், பிரேக் போட்டபோது வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் இருந்திருக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். ஏ.பி.எஸ். பிரேக் உள்ள வண்டிகளில் இந்தத் தடம் தெளிவாக விழாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தடயம் என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. மோதிய இடம் வேறு, வண்டிகள் போய் நின்ற இடம் வேறு. போக்குவரத்தைச் சரிசெய்ய வண்டியை ஓரம் கட்டிய பிறகு வரையப்படும் மாதிரி வரைபடத்தை வைத்துத் தவறைத் தீர்மானிப்பது அபத்தம். கேரள வழக்கொன்றில், விபத்து இடத்தைப் பார்த்து எழுதப்படும் பார்வை மகஜரில் வண்டிகள் இருந்த நிலையை நம்பி, இறந்தவர் மீதும் ஒரு பங்குப் பொறுப்பு ஏற்றப்பட்டிருந்தது. விபத்துக்குப் பின் வண்டி நின்ற நிலை மட்டும் கவனக்குறைவுக்குச் சான்றாகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. எந்தச் சாட்சியின் பேச்சு தடயத்தோடு பொருந்துகிறது, எவருடையது பொருந்தவில்லை என்று இரண்டையும் உரசிப் பார்ப்பதுதான் முறை. சட்டையின் நிறத்தில் சாட்சிகள் முரண்பட்டால் போகட்டும். வண்டி எந்தப் பக்கம் வந்தது என்பதில் முரண்பட்டால் சாலையில் கிடந்ததை வைத்துத் தீர்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், சாலையில் கிடப்பது அன்று மாலைக்குள் போய்விடுகிறது. சில்லுகளைக் கூட்டித் தள்ளிவிடுவார்கள். மழை மண்ணைக் கரைத்துவிடும். கடைவாசல் சி.சி.டி.வி. பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தன்மேல் தானே பதிந்து அழிந்துவிடும். வழக்கோ வருடங்கள் கழித்துத்தான் சாட்சிக் கூண்டுக்கு வருகிறது. ஆகவே தீர்ப்பாயத்தில் நடப்பதாக நாம் நினைக்கும் நீதி உண்மையில் முதல் நாளே, ஓர் உதவி ஆய்வாளரின் கையில் முடிவாகிவிடுகிறது.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, தகவல் கிடைத்ததும் விசாரணை அதிகாரி நேரில் போக வேண்டும். இடத்தையும் வண்டிகளையும் படம் எடுக்க வேண்டும். சாலையின் அகலம் உட்பட அளவு பிசகாமல் வரைபடம் வரைய வேண்டும். 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையையும் 90 நாட்களில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். இதைக் கண்டிப்பாகப் பின்பற்றும்படி அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. விபத்து விவரங்களை இடத்திலிருந்தே பதிவேற்றும் மின்னணு அமைப்பை வடிவமைத்ததில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பங்குண்டு, சோதனை முறையில் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கருவியும் விதியும் இருந்தும், நீள அகலம் எதுவும் குறிக்காத நான்கு கோட்டு வரைபடத்தோடு வரும் வழக்குக் கட்டு சகிக்க முடியாதது. அளவில்லாத வரைபடத்தைத் தீர்ப்பாயம் திருப்பி அனுப்ப வேண்டும். வரைந்த அதிகாரியைக் கூண்டில் ஏற்றி, நாடா பிடித்தீர்களா என்று கேட்க வேண்டும். பேருந்திலும் லாரியிலும் ஜி.பி.எஸ். கருவி இருந்தால் அதன் பதிவைக் கொண்டுவராத உரிமையாளருக்கு எதிராகவே அந்த வெற்றிடத்தைப் படிக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் உண்மை தெரியவில்லை என்றால், பங்களிப்புக் கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை என்று எழுதும் துணிவு நீதிபதிக்கு வேண்டும்.

விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்பவர் நீங்களாக இருக்கலாம். காயம்பட்டவரை 108இல் ஏற்றி அனுப்புவதுதான் முதல் வேலை. அது முடிந்ததும், வண்டிகளை நகர்த்துவதற்கு முன் உங்கள் கைபேசியில் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். சாலையின் இரு ஓரமும் தெரியும்படி எடுங்கள். கண்ணாடிச் சில்லுகளையும் டயர் தடத்தையும் தனியே எடுங்கள். உதவியவரை வழக்கில் இழுத்து அலைக்கழிக்காமல் இருக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. அந்தப் படங்களைக் காவல் நிலையத்துக்கும், காயம்பட்டவரின் குடும்பத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.